சூடு ஆறாத புட்டுப் பார்சல்

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லிக் கைமாறி வந்த கதை அல்ல. யாருக்கு நடந்ததோ அவனை எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனேத் தெருவில் தேத்தண்ணி குடிக்க வருகிற எவரிடமும் அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே வாசியுங்கள். ஆனால் சாப்பிட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன்மேல் இரக்கம் கிடையாது. பயம் உண்டு, அது வேறு. அவன் என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன், என் பங்குக்குக் கொஞ்சம் எரிச்சலைச் சேர்த்திருக்கிறேன்.

அவன் பெயர் கிருஷாந்த். வயது முப்பத்தாறு. கார் து லெஸ்ற் ரயில் நிலையப் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மனைவி சுபாங்கியோடு ரூ பிலிப்-து-ஜிராரில் மூன்றாம் மாடியில் குடியிருந்தான். அடுப்படி வேலை முடிந்தால் அவனுக்குச் சைக்கிள்தான் உலகம். எங்கள் தமிழ் மிதிவண்டிக் கழகத்தில் இருபத்திரண்டு பேர். அதில் பாதிப்பேர் படம் எடுத்துப் போடுவதற்காகவே ஓடுகிறவர்கள். உண்மையாக ஓடக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் கிருஷாந்த். அவனுக்கு எப்போதும் ஒரு முழம் முன்னால் ஓடியவன் தனூஜன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஓர் ஓட்டம் நடக்கும். பாரிசுக்கு வெளியே தொடங்கி, மத்தியதரைக் கடலில் முடியும். ஆயிரத்து முந்நூறு கிலோமீற்றர். கல் பதித்த பழைய தெரு, காட்டு மணல், எரிமலைப் பக்கத்துக் கருங்கல் பாதை, பள்ளத்தாக்கு ஓரத்து ஆட்டுத்தடம், எல்லாம் உண்டு. கூட வாகனம் வராது. படுக்கை, உடுப்பு, சாப்பாடு, பஞ்சர் ஒட்டுச் சாமான், எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகப் போக வேண்டும். கடையில் எதையும் வாங்கலாம். ஆனால் தெரிந்தவர் எவரும் வழியில் வந்து எதையும் தரக்கூடாது. தண்ணீர்கூடக் கூடாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வெளியுதவி. பிடிபட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஒரு ட்ராக்கர் இருக்கும். யார் எங்கே நிற்கிறார் என்று இணைய வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும்.

போன முறை ஓட்டத்தில் தனூஜன் எழுநூறாவது கிலோமீற்றரில், ஒவேர்ண் மலைப் பக்கத்துச் செக்பொயின்ற்றுக்கு, கிருஷாந்தை விட நாற்பது நிமிடம் முன்னால் வந்தான். அங்கே அவன் மனைவி ரஜனி நின்றாள். பாரிஸ் புறநகரான ஸ்தேனில் உள்ள வீட்டிலிருந்து ரயிலேறி, பஸ் மாறி, புட்டுப் பார்சலோடு வந்திருந்தாள். புருசன் மூன்று நாளாகக் கடைப் பாணைச் சப்பிக்கொண்டு மலை ஏறுகிறான் என்றால் எங்கள் பெண்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளுமா? சட்டம் சட்டமாகக் கிடக்கட்டும். அவன் தேவாலயச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து சாப்பிட்டான். அவள் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் வந்த கிருஷாந்த் அதைக் கண்டான். பாண் கடை மூலையில் மறைந்து நின்று ஒரு படம் எடுத்தான். ஒழுங்கமைப்பாளருக்கு அனுப்பினான். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டு எழுதினான். எரிச்சல், வேறொன்றுமில்லை. நாற்பது நிமிட எரிச்சல்.

தனூஜனின் பெயரை வெட்டினார்கள். ட்ராக்கரைக் கழற்றி வாங்கினார்கள். அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. புள்ளி இல்லாமலே மேலே ஓடினான். அன்று மாலை பள்ளத்தாக்குப் பாதையில் சறுக்கிக் கீழே போய்விட்டான். வரைபடத்தில் அவன் இல்லை, ஆகவே ஒருவரும் தேடவில்லை. இரண்டு நாள் கழித்து ஆடு மேய்க்கிறவர் கண்டார்.

கிருஷாந்த் கடலைத் தொட்டான். ஓட்டத்தை முடித்த முதல் தமிழன் என்று மண்டபம் எடுத்து விழா வைத்தார்கள். தனூஜனுக்கு ஒரு நிமிட மௌனம். அடுத்த நிமிடம் கிருஷாந்துக்குப் பொன்னாடை. நானும் கைதட்டினேன், வெட்கம்தான்.

யாரோ படம் அனுப்பித்தான் தனூஜனை வெட்டினார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அந்தப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை, அனுப்பியது யார் என்றும் தெரியாது. இந்த முறை தனூஜனின் படம் அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் நினைவாக ஓடப்போவதாகக் கிருஷாந்த் அறிவித்திருந்தான். எவ்வளவு துணிவு பாருங்கள். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அந்தப் படம் வெளியே வந்துவிடக்கூடாது.

பெப்ரவரி இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் மூன்று இருபது.

கிருஷாந்த் நிலத்தில் விரிப்பைப் போட்டுச் சாமான்களை நிறுத்துக்கொண்டிருந்தான். இந்த ஓட்டக்காரருக்குக் கிராம்தான் எல்லாம். பல்துலக்கியின் பிடியைக்கூடப் பாதியாக வெட்டி எறிகிறவர்கள். படுக்கைப் பை, மழைச்சட்டை, ஒட்டுத் துண்டு, பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துத் தாளில் எழுதினான். மொத்தம் ஐந்து கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். பிறகு எல்லாவற்றையும் பைகளில் அடுக்கிப் பைகளை நிறுத்தான். பைகளின் எடையைக் கழித்தான்.

ஆறு கிலோ முந்நூற்றைம்பது.

திரும்ப எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிறுத்தான். ஐந்து தொள்ளாயிரத்து நாற்பது. உள்ளே வைத்தால் ஆறு முந்நூற்றைம்பது. நாலு தரம் பார்த்தான். நாலு தரமும் நானூற்றுப் பத்துக் கிராம் கூடியது.

"தராசு பழுதாக்கும்," என்றான்.

"பற்றரி போயிருக்கும். மாத்திப் பாருங்கோ," என்றாள் சுபாங்கி அடுப்படியிலிருந்து.

மாற்றிப் பார்த்தான். அதே நானூற்றுப் பத்து. இருக்கைக்குப் பின்னால் கட்டும் நீளப் பையில்தான் அந்தப் பாரம் இருந்தது. கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. ஆனால் துணி... இளஞ்சூடாக இருந்தது. ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வைத்ததால் என்று நினைத்தான்.

பெப்ரவரி இருபத்துமூன்று, ஞாயிறு. காலை ஏழு ஐம்பதுக்கு லா வில்லெத்தில் தொடங்கி, லூர்க் கால்வாய்க் கரையால் மோ நகரப் பக்கம் ஓடினான். குளிர் இரண்டு பாகை. ஆள் நடமாட்டம் இல்லை. ஒன்பது முப்பத்தைந்துக்கு மழை தூறியது. ஒரு பாலத்தின் கீழே நிறுத்தி, மழைச்சட்டையை எடுக்க நீளப் பையைத் திறந்தான்.

கை சுட்டது.

தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி, வெள்ளை நூலால் கட்டிய பார்சல். முடிச்சை அவிழ்த்தான். உள்ளே லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் புட்டு, முட்டைப்பொரியல், கட்டைச் சம்பல். சுபாங்கிதான் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்தான். நல்ல பசி வேறு. பாலத்தடியில் குந்தியிருந்து வழித்துத் துடைத்துச் சாப்பிட்டான். அவ்வளவு ருசியாம். அதைச் சொல்லும்போதுகூட அவன் எச்சில் விழுங்கினான்.

தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடும்போதுதான் யோசித்தான். வீட்டை விட்டு வெளிக்கிட்டு இரண்டு மணித்தியாலம் ஆகப்போகிறது. இந்தக் குளிரில் புட்டில் ஆவி பறக்கிறது. எப்படி?

பதினொன்று நாற்பதுக்கு வீடு வந்தான்.

"நீர் வைச்ச புட்டு நல்லாயிருந்தது," என்றான்.

சுபாங்கி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன புட்டு?"

"பையுக்கை வைச்சீரே."

"பகிடி விடாதேங்கோ. வீட்டிலை மா முடிஞ்சு ரெண்டு கிழமை. உங்களைத்தானே வாங்கியரச் சொன்னனான்?"

அவன் அடுப்படிக்குப் போய் மா டப்பாவைத் திறந்து பார்த்தான். வெறும் டப்பா.

அன்றிலிருந்து அவனுக்குப் பசி. சாதாரணப் பசி அல்ல. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குச் சிலவேளை வயிற்றில் எல்லாம் தீர்ந்து, கை நடுங்கி, கண் இருட்டிக் கால் நின்றுபோகும். பிரெஞ்சுக்காரர் அதை ஃப்ரங்கால் என்பார்கள். கிருஷாந்துக்கு அது சைக்கிளில் ஏறாமலே வந்தது. உணவகத்தில் நின்று ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டான். பத்து நிமிடத்தில் திரும்பவும் கை நடுங்கியது. இறைச்சி, பாண், பேரீச்சம்பழம், எதைப் போட்டாலும் அடியில்லாத பானையில் ஊற்றியதுபோல் போனது. ஒரு மாதத்தில் ஆறு கிலோ மெலிந்தான். கழகத்துக்காரர் நல்ல பயிற்சி என்று தோளில் தட்டினார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் படத்தை அவன் போன ஜூனிலேயே போனிலிருந்து அழித்துவிட்டான். மார்ச் மூன்றாம் திகதி பகல் பன்னிரண்டு பத்துக்குப் பார்த்தால், கடைசிப் படமாக அது இருந்தது. அழித்தான். மறுநாள் அதே நேரம் திரும்ப இருந்தது. அழித்தான்... அதற்கடுத்த நாளும் இருந்தது.

மார்ச் பதினாறு, ஞாயிறு. பிற்பகல் நாலு ஐந்து.

ரூ பெர்தொனேயில் மகாலிங்கத்தின் நகைக்கடை. மகாலிங்கம்தான் எங்கள் கழகத் தலைவர், கடை பூட்டும் நாளில் கூட்டம் அங்கேதான். புதுச் சட்டைகள் வந்திருந்தன, தனூஜனின் முகம் நெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தது. கிருஷாந்த் தன் சைக்கிளை முழுச் சாமானோடு உள்ளே உருட்டி வந்து, எதை எங்கே வைப்பது என்று மற்றவர்களுக்குக் காட்டினான். நான் வாசலோரம் நின்றேன். அதனால் இது நான் கண்ணால் கண்டது. அவன் நீளப் பையைத் திறந்து கையை விட்டான். அப்படியே நின்றான்.

"என்ன, பாம்பே?" என்றான் மனோன். கழகத்தில் வாய்க்காரன் அவன். எட்டிப் பையை இழுத்தான். கண்ணாடி மேசையில் பார்சல் விழுந்தது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

மகாலிங்கம் சிரித்தார். "என்ன தம்பி, வெளியுதவி எடுக்கிறீரோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அந்தக் கடையில் ஒன்பது மாதமாக எவரும் சொன்னதில்லை. மனோன் பார்சலைத் திருப்பிப் பார்த்தான்.

"மூண்டு முடிச்சு," என்றான் மெல்ல. "ரஜனியக்கா கட்டுற மாதிரிக் கிடக்கு."

கிருஷாந்த் அதைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினான். தெருக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடினான். திரும்பி வந்தபோது முகத்தில் இரத்தமில்லை. மனைவி பகிடிக்கு வைத்திருப்பாள் என்றான். நாங்களும் தலையாட்டினோம். என் மனதில் அன்றைக்கே ஏதோ இடறியது.

அவன் பழைய பையை எறிந்துவிட்டுப் புதுப் பை வாங்கினான். ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை, முழுப் பாரத்தோடு கடைசிப் பரிசோதனை ஓட்டம். காலை ஆறு மணிக்குச் சுபாங்கியின் கண்முன்னால் ஒவ்வொரு சாமானாகக் காட்டி உள்ளே வைத்தான். பூட்டுகளை எல்லாம் பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்கிக் கட்டினான். வெட்டினால் ஒழியத் திறக்க முடியாது. கழகத்து ட்ராக்கரை மேலே கொளுவினான். பச்சை விளக்கு மின்னியது.

"புள்ளி தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது," என்றாள் சுபாங்கி போனைப் பார்த்து.

ஆறு நாற்பதுக்கு வெளிக்கிட்டான். சென்-துனி தாண்டினான். ஸ்தேன் பக்கம் போகாமல் சுற்றிப் போனான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்குச் சாந்தியிக் காட்டுக்குள் நுழைந்தான். மணல் பாதை. நல்ல பகல்தான், ஆனால் பனிப்புகார் இறங்கி முப்பது மீற்றருக்கு அப்பால் மரம் தெரியவில்லை. குதிரைக்காரர் போனார்கள். நாயோடு ஒரு கிழவர் போனார். சனம் இருக்கிறது என்று அவனுக்குத் தைரியமாக இருந்தது.

பத்து ஐம்பத்திரண்டு.

முன் சில்லு மணலில் புதைந்தது. பாரம் ஒரு பக்கம் இழுத்தது. பாதையின் ஓரம் உடைந்து, பழைய மணற்கிடங்கு ஒன்றுக்குள் சைக்கிளோடு உருண்டான். மூன்று மீற்றர் ஆழம்கூட இல்லை. இடது கணுக்கால் சைக்கிளுக்கு அடியில் முறிந்தது. அந்தச் சத்தத்தை அவன் கேட்டான்.

கத்தினான். மேலே பாதையில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சில், சிரித்துக்கொண்டு. ஒரு பெண் எட்டிக்கூடப் பார்த்தாள். அவள் பார்வை அவன்மேல் பட்டு, அப்படியே தாண்டிப் போனது.

"மதாம்! இஞ்சை! இஞ்சை!"

அவள் போய்விட்டாள்.

சுபாங்கிக்கு அடித்தான். எடுத்தாள்.

"ஹலோ? ஹலோ? ஆர் கதைக்கிறது?"

"நான்தான்... விழுந்திட்டன்... சுபா!"

"ஹலோ? ஒண்டும் கேக்கேல்லை..."

வைத்துவிட்டாள்.

பதினொன்று இரண்டு. ட்ராக்கரின் பச்சை விளக்கு ஒரு தரம் மின்னியது. பிறகு மின்னவில்லை.

அப்போது பசி வந்தது.

குடலைப் பிடித்து முறுக்கியது. கை நடுங்கியது. கண் இருட்டியது. ஏதாவது வாயில் போடாவிட்டால் செத்துப்போவேன் என்று தோன்றியது. பையில் பேரீச்சம்பழம் இருந்தது. கத்தியால் பட்டியை வெட்டினான். திறந்தான்.

படுக்கை இல்லை. மழைச்சட்டை இல்லை. பேரீச்சம்பழம் இல்லை.

பார்சல் இருந்தது.

சுடச்சுட.

தூக்கி எறிந்தான். அது புகாருக்குள் போய் விழுந்தது.

விழுந்த சத்தம் வரவில்லை.

யாரோ ஏந்திப் பிடித்ததுபோல...

பதினொன்று பத்து. சருகில் காலடி. சைக்கிள் சப்பாத்தின் இரும்பு கல்லில் படும் சத்தம். டக்... டக்... டக்.

நின்றது.

எதிரே ஒருவர் குந்துகிற சத்தம். நூல் அறுகிற சத்தம். தாள் விரிகிற சரசரப்பு. சம்பல் மணம்.

"ஆர்?" என்றான்.



புகாருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. சைக்கிள் கையுறை போட்ட கை. விரல்கள் ஒன்றும் நேராக இல்லை.

தாடையைப் பிடித்தது.

வாயைத் திறந்தது.

முதல் பிடி. நெருப்பு. துப்ப முடியவில்லை. விழுங்கினான்.

இரண்டாவது பிடி.

மூன்றாவது...

மூச்சு முட்டியது. மூக்கால் புட்டு வந்தது. கை நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. பிள்ளைக்குத் தீத்துகிறதுபோல் நிதானமாகத் தீத்தியது.

கடைசிப் பிடி முடிந்தது. தாள் மடிகிற சத்தம்.

பிறகு குரல். அவனுக்குத் தெரிந்த குரல். காதுக்குப் பக்கத்தில்.

"எடுடா படம்."

அழுதான்.

"எடு மச்சான்."

போனை எடுத்தான். நீட்டினான். அமத்தினான்.

கிளிக்.

பதினொன்று பதினேழு.

எதிரே ஒருவரும் இல்லை. சருகுதான் இருந்தது. போன் திரையிலும் சருகுதான் இருந்தது.

கண்ணை மூடித் திறந்தான் என்றுதான் சொல்கிறான். திறந்தபோது மாலை ஐந்து நாற்பத்தைந்து. நாயோடு போன அதே கிழவர் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வழியால் அன்று மூன்று தரம் நடந்தாராம். மூன்று தரமும் அந்தக் கிடங்கைப் பார்த்தாராம். ஆள் இல்லை என்றார். தீயணைப்புக்காரர் வந்து தூக்கினார்கள். ஆம்புலன்சில் இருந்த பெண், கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கும் அண்ணமும் வெந்து தோல் உரிந்திருந்தது. கொதிக்கக் கொதிக்க என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

பையில் படுக்கை, மழைச்சட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்தபடியே இருந்தன.

இனி, எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலை பதினொன்று பதினேழுக்குக் கழகத்து வாட்சப் குழுவில் கிருஷாந்தின் போனிலிருந்து ஒரு படம் விழுந்தது. எழுத்து ஒன்றுமில்லை. தேவாலயச் சுவர். குந்தியிருந்து சாப்பிடும் தனூஜன், வாய் நிறையப் புட்டு. தண்ணீர்ப் போத்தலோடு ரஜனி. படம் எடுத்தவன் பாண் கடை மூலையில் நின்றிருக்கிறான், கடைப் பலகையின் விளிம்பு ஓரத்தில் தெரிந்தது.

குழுவில் இருந்த எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு மகாலிங்கம் ஒரே ஒரு வரி போட்டார். "பொன்னாடையைக் கொண்டந்து கடையிலை வைச்சிட்டுப் போகவும்." அவ்வளவுதான். பத்து மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரு கிளிக்கில் போனது. சுபாங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், உடுப்புப் பையைக் கட்டிலடியில் வைத்தாள், முகத்தைப் பார்க்காமல் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஜூன் ஓட்டத்திலிருந்து கழகம் அவன் பெயரை எடுத்துவிட்டது. எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் அவனுக்கு இப்போது வேறு பயம். மானம் போய்விட்டது, சரி. இத்தோடு கணக்குத் தீர்ந்ததா? உயிரையாவது விடுமா? அதைத் தெரியாமல் அவனால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

ஏப்ரல் பதினெட்டு, வெள்ளி. பிற்பகல் நாலு முப்பது. ஊன்றுகோலோடு ஸ்தேனுக்குப் போனான். ஐந்தாம் மாடி. ரஜனி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ," என்றாள். இருக்கச் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரஜனி. அந்தப் படம் நான்தான்..."

"தெரியும்."

"வாட்சப்பிலை பாத்தனீங்களோ?"

"இல்லை. அண்டைக்கே பாத்தனான். ட்ராக்கரைக் கழட்டேக்கை ஓட்டம் நடத்தின பிரெஞ்சுக்காரன் போனைக் காட்டினவன். மறைக்க மறந்துபோனான். கீழை உங்கட பேர் கிடந்தது."

அவனுக்கு ஊன்றுகோல் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவனுக்கும்... தெரியுமோ?"

"அவர்தான் வாசிச்சவர்."

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். கால்வாய், நகைக்கடை, காடு, கை. சொல்லிக்கொண்டே அழுதான். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்ததாம்.

"நான் மிச்ச நாளுக்கும் சேத்து ஐஞ்சு பார்சல் கட்டிக்கொண்டு போனனான்," என்றாள். "ஒண்டைச் சாப்பிட்டிட்டு நாலைத் திருப்பித் தந்தவர். பாரமாம். உங்கட பேரை வாசிச்சாப் பிறகு, என்ரை கையிலை இருந்து நாலையும் பறிச்சுப் பையுக்கை திணிச்சார். 'இது கிருஷாந்துக்கு. எங்கையெண்டாலும் பிடிச்சு, இருத்தி வைச்சு, நாலையும் தீத்திப்போட்டுத்தான் வருவன்' எண்டார். அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் ஏறினவர்."

கிருஷாந்த் கதவுப் பக்கம் பார்த்தான்.

"விழுந்த பிறகு முப்பது மணித்தியாலம் உயிரோடை கிடந்தவராம். டொக்டர் சொன்னவர். வயித்திலை ஒண்டும் இல்லையாம். பையைப் பொலிஸ் கொண்டந்து தந்தது. நாலு பார்சலும் அப்பிடியே கிடந்தது. ஒரு முடிச்சும் அவிழ்க்கேல்லை."

அடுப்படியில் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. நாலு ஐம்பத்தொன்று.

"உங்களுக்கு எத்தினை வந்தது?" என்று கேட்டாள்.

"மூண்டு."

ரஜனி தலையாட்டினாள். போய்க் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தாள்.

"அப்ப இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள்.